சேதி போய்ச் சேர மூன்றரை ஆண்டு

மார்ச் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. வானம் மேகமூட்டமாக இருந்தது, மழை இல்லை, காற்று கிழக்கிலிருந்து மெல்ல வீசியது. அன்று மாலை ஆறு மணிக்கு டப்பிங் கலைஞர் ஒருவரிடம் அவருடைய மனைவி, "டீ போடட்டுமா?" என்று கேட்டார். "போடு" என்ற பதில் நான்கு நிமிடம் கழித்து வந்தது. இடைப்பட்ட நேரத்தில் அவர் யோசித்துக்கொண்டிருந்தார் என்று கொள்ளலாகாது. கேள்வி அவருக்குப் போய்ச் சேர அவ்வளவு நேரம் பிடித்தது, அவ்வளவே.

வேற்று மொழிகளிலிருந்து வரும் விண்வெளிப் படங்களில், தனித்து விடப்பட்ட வீரர்களுக்கு அவரே குரல் கொடுத்து வந்தார். அத்தகைய படங்களில் பெரும்பாலும் ஒருவர் மட்டுமே பேசுவார். ஆதலால் ஒரே குரல் போதுமானது. பதினாறு படங்களில் அவர் பூமியை விட்டுப் புறப்பட்டார். ஒன்பதில் திரும்பி வந்தார். பதினேழாவது படத்தில் நாற்பது நிமிடம் வசனமே கிடையாது, தலைக்கவசத்துக்குள் மூச்சு மட்டும்தான். அயல்நாட்டு மூச்சு நம் ஆட்களுக்கு ஒட்டாது என்று டப்பிங் இயக்குநர் கருதியபடியால், கண்ணாடி அறைக்குள் மூன்று நாள் தனியே நின்று அவர் மூச்சுவிட்டார். அதன் முடிவில் ஒரேயொரு வரி இருந்தது. பூமியை நோக்கி அந்த வீரர் கேட்கிறார்: "நான் இன்னும் மனுஷன்தானா, யாராவது சொல்லுங்க." முப்பத்திரண்டு முறை சொல்லியும் இயக்குநருக்கு நிறைவு உண்டாகவில்லை. "பதில் வரும்னு நம்பிக் கேக்கிறீங்க சார். வராதுன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கேளுங்க" என்றார். முப்பத்து மூன்றாம் முறை அவர் அவ்வாறே கேட்டார். அறையிலிருந்த எல்லோரும் தலைகுனிந்தனர். அது மார்ச் பதினொன்றாம் நாள் பிற்பகல்.

காது மருத்துவர் மணி அடித்துப் பார்த்தார். கலைஞர் உடனே திரும்பினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார், திரும்பவில்லை. "காது சுத்தமா இருக்கும்மா. மனுஷங்க கிட்டேருந்து வர்றதுதான் லேட்டாகுது" என்று மனைவியிடம் மருத்துவர் கூறிய முடிவை எந்த மருத்துவரும் பின்னர் மறுக்கவில்லை. வயது என்ன என்று மருத்துவர் கேட்டதற்கான பதில் திரும்பும் வழியில் பேருந்தில் வந்தது. நாற்பத்தாறு என்று அவர் உரக்கச் சொன்னதைக் கேட்ட நடத்துநர், "அதுக்கெல்லாம் டிக்கெட்ல சலுகை இல்ல சார்" என்றார். உண்பதும் குளிப்பதும் நடப்பதும் முன்போலவே நடந்தன. மனிதரின் குரலும் முகமும் தொடுகையும் மட்டுமே தாமதித்தன. ஆகவே அவர் பேசும்போது, கேட்டவர் எப்போதோ நின்றிருந்த இடத்தைப் பார்த்தே பேசினார்.

ஆண்டு இறுதியில் தாமதம் வளர்ந்து அரை நாளாயிற்று. ஒலிப்பதிவாளர் நல்லவர், காலையில் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, மாலையில் வரும் வசனத்தைப் பிடித்து உரிய உதட்டின்மேல் பொருத்திவிடுவார். "அண்ணி, அண்ணனுக்கு லைன் கிடைக்கிறதுக்குள்ள நான் முடி வெட்டிக்கிட்டு வந்துட்டேன்" என்பார். தாமதம் ஒரு வாரத்தைக் கடந்தபின் தயாரிப்பாளர்கள் வேறு குரல் தேடினர். துணிக்கூடத்தில் அளவு பார்த்துத் துணி வெட்டும் வேலையிலிருந்த மனைவி அதன்பின் கூடுதல் நேரமும் வெட்டினார். அவர்களுக்கு ஒரே மகள். தந்தை தன்னைவிட்டு ஒவ்வொரு நாளும் தொலைவு செல்கிறார் என்பதை அறிந்தும், அவள் பேச்சை ஒரு நாளும் நிறுத்தவில்லை.

நான்காம் ஆண்டு ஜூன் மாதத்தில், மூன்று நாள் காய்ச்சலில் அம்மகள் இறந்தாள். அவளுக்கு வயது பதினேழு. அப்போது தாமதம் பதினான்கு மாதம். உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது அவர் நாற்காலியில் அமர்ந்தபடி, "பின்பக்கமா போய் உங்கம்மா மேல விழுவேன்" என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். விண்வெளியில் தும்மினால் எந்தப் பக்கம் போவீர்கள் என்று முந்தைய ஆண்டு மகள் கேட்டிருந்ததற்கு அது பதில். மனைவியின் அண்ணன் பொறுக்கவில்லை.

"மாப்பிள்ளை, நீங்க மனுஷன்தானா? பெத்த பொண்ணு கிடக்குறா, சிரிக்கிறீங்க."

"விடுண்ணா," என்றார் மனைவி. "அவருக்கு இன்னும் சேதி போய்ச் சேரல."

ஒலிப்பதிவாளர் பழைய வசனத்தாளின் பின்புறத்தில் கோடு வரைந்து கணக்கிட்டார். ஒரு நாள் பேச்சு வந்து சேர இப்போது மூன்று நாள் பிடிக்கிறது. எனவே மகளுடைய கடைசிப் பதினான்கு மாதங்கள் அவரிடம் நாற்பத்திரண்டு மாதமாக நீளும். அதன் பிறகே மரணம் போய்ச் சேரும்.

"நடுவுல வெட்டிட முடியாதாப்பா?"

"டேப்ல இருந்தா வெட்டிருவேன் அண்ணி. இது கிளம்பிப் போயிருச்சு."

இவ்வாறாக, உலகில் மகள் உயிரோடிருந்த ஒரே இடம் அந்த நாற்காலி என்றாயிற்று. "குடை எடுத்துக்கோ கண்ணு" என்பார் அவர், வெயிலடிக்கும் வாசலைப் பார்த்து. "இந்தக் கணக்குக்கு என்கிட்ட வராதே, உங்க மாமாகிட்ட போ" என்பார். முதல் சில மாதங்கள் மனைவியாகிய அம்மையார் காதைப் பொத்திக்கொண்டார். பின்னர் துணிக்கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடிப் பகல் வேலையைக் குறைத்துக்கொண்டு, முக்காலி ஒன்றைப் போட்டு எதிரில் அமர்ந்தார். அவருக்குக் கணவரின் பாதிப் பேச்சு மட்டுமே கிடைத்தது. மகள் பேசிய பாதியை அவரே நினைவிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பல நாள் கொடுத்தார். சில நாள் கணவர், "அப்படியா சொன்னா உன் டீச்சர்!" என்று வியப்பார், ஆசிரியை என்ன சொன்னார் என்பது எவ்வளவு முயன்றும் அம்மையாருக்கு நினைவு வராது. அன்று அவர் சாப்பிடமாட்டார்.

அவருடைய நிலை இரண்டுங்கெட்டது. கணவருக்குச் சேதி சேரும்வரை இழவைத் தாம் ஒருவரே சுமக்க வேண்டும். சேர்ந்துவிட்டாலோ மகளுடன் பேச அந்த வீட்டில் ஆளிராது. சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்று காலையில் வேண்டுவார். போகாமலே இருக்கட்டும் என்று அதே நாள் துணியை வெட்டிக்கொண்டே வேண்டுவார். இரண்டு வேண்டுதலுக்கும் நாட்களின் வேகம் மாறவில்லை.

நாற்பத்திரண்டாம் மாதமாகிய டிசம்பரில், "என்ன கண்ணு, குரலே கம்மிப் போச்சு?" என்று கணவர் கேட்டார். அம்மையார் வேலைக்குச் செல்வதை நிறுத்தினார். மூன்று நாள் காய்ச்சல் ஒன்பது நாள் நீடித்தது. "மாத்திரை போட்டியா?" என்றார். "நாளைக்கு சரியாயிடும்" என்றார். ஒன்பதாம் நாள், டிசம்பர் பத்தொன்பது, மேலும் ஏதோ சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தி வாயிற்படியை நோக்கித் திரும்பினார். மூன்றரை ஆண்டுக்கு முன் மருத்துவமனையிலிருந்து வந்த அம்மையார் அவ்விடத்தில் நின்றுதான் மகள் போனதைச் சொன்னார். சொல்லிப் பயனில்லை என்றெண்ணி அன்று கணவரின் அருகே வராமல் உள்ளே போய்விட்டார்.

கணவரின் முகம் சிறிது சிறிதாகச் சிதைந்தது. மூச்சு, கவசத்துக்குள் விட்ட மூச்சைப்போலவே இரைந்தது. யாருமில்லாத படியை நோக்கி இரு கைகளையும் நீட்டினார்.

"ஏன் அங்கயே நிக்கிற? இங்க வா. தனியா நிக்காத."

இரண்டடி தொலைவில் முக்காலியில் இருந்த அம்மையார் எழுந்தார். நேரே அவரிடம் போகவில்லை. வாயிற்படிக்கு நடந்து, அன்று நின்ற இடத்தில் நின்று, அங்கிருந்து வந்து அந்தக் கைகளுக்குள் புகுந்தார். கைகள் அவரைப் பற்றவில்லை, நீட்டியபடியே நின்றன. அத்தொடுகை கணவருக்குப் போய்ச் சேரப் பத்தரை ஆண்டு ஆகும் என்பது ஒலிப்பதிவாளரின் கணக்கு. அம்மையார் அதை அறிவார். அறிந்தே இறுகப் பிடித்துக்கொண்டார். அப்போது மணி பிற்பகல் நான்கு பதினேழு.