படித்தேன்

"பீரோ சாவியைக் குடுங்க சார்."

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தலைமையாசிரியர் பாக்கியநாதன் சொல்லியிருந்தார். "இன்னா வேணா கேளு சோனியா, பீரோ சாவிய மட்டும் கேக்காத." எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். தற்காலிக ஆசிரியை வேலைதான், ஆனாலும் அதை விடக் கூடாதென்று ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பீரோவுக்குள் கதைப் புத்தகங்கள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். பிள்ளைகள் தொட்டால் கிழிந்துவிடுமாம். வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நூலக வகுப்பு. நான் கரும்பலகையில் புத்தகங்களின் பெயர்களை எழுதுவேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, பதிவேட்டில் ஒரு பெயரை எழுதி, பக்கத்தில் 'படித்தேன்' என்று போட்டுக் கையெழுத்திட வேண்டும். கோணலாக எழுதினால் திட்டுவேன். ஐந்தாம் வகுப்பு ஸ்நேகாவின் 'படித்தேன்' அச்சடித்த மாதிரி இருக்கும். வகுப்பையே கைதட்டச் சொல்லியிருக்கிறேன். அதுதான் நான் நடத்திய பாடம்.

அவள் அப்பா சின்னராசு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டியவர். போன மாதம் அந்த மிஷின் அவர் வலது கையில் நான்கு விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டோடு வீட்டுக்கு வந்த மறுநாளே கான்ட்ராக்டரின் ஆள் வரதன் ஒரு காகிதத்தோடு வந்துவிட்டான். ஸ்நேகாவின் அம்மா கங்கம்மா நேற்று பள்ளி கேட்டில் நின்றுகொண்டு சொன்னாள்.

"ஆஸ்பத்திரி பேப்பருன்னான் டீச்சர். எங்க ரெண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. படிக்கிற பொண்ணு கீதே, அது பாத்துட்டு ஒரு கையெழுத்து போடட்டும்னான். இவரு 'இன்னாம்மா எழுதிக்கீது'ன்னு கேட்டாரு. 'எல்லாம் சரியாக்கீது நைனா'ன்னா. அப்பறந்தான் இடது கட்டைவிரல வச்சாரு."

நகலை வாங்கிப் பார்த்தேன். பைக் செயினில் மாட்டி விரல்கள் போயின, கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்று இருந்தது. சின்னராசுவிடம் சைக்கிள்கூடக் கிடையாது. கீழே ரேகைக்குப் பக்கத்தில், அச்சடித்த மாதிரி: படித்தேன். ஸ்நேகா.

"ஏன்டி படிக்காம எழுதுன?" அம்மாவோடு நின்றிருந்த ஸ்நேகாவைக் கேட்டேன்.

அவள் திருதிருவென்று விழித்தாள். "லைப்ரரி பீரியட்ல அப்டித்தான மிஸ் எழுதுவோம்?"

இன்று நான்கு மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. மகள் படித்துச் சொன்ன பிறகுதான் ரேகை வைத்தார் என்று கம்பெனி சாதிக்கிறது. இந்தப் பிள்ளைகளின் 'படித்தேன்' என்ன லட்சணம் என்று காட்ட எனக்குப் பதிவேடு வேண்டும். வகுப்பு முடிந்ததும் தலைமையாசிரியர் அதை வாங்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்.

விஷயத்தைச் சொன்னதும் பாக்கியநாதன் சிரித்தார். "இன்னாம்மா, வக்கீலாயிட்டியா? நீ உக்காந்துகினு கீற சேரே அந்தக் கம்பெனிக்காரன் குடுத்ததுதான்."

எழுந்து நின்றுகொண்டேன்.

"அந்த ரெஜிஸ்டர்ல பக்கத்துக்குப் பக்கம் யாரு கையெழுத்து? நூலக ஆசிரியர் சோனியா. என்னுது ஒண்ணு காட்டு பாப்பம். போய் நீட்டுனா மாட்டப்போறது யாரு?"

ஏழு மாதமாக ஏன் என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார் என்று அப்போதுதான் உறைத்தது.

"சாவி தர மாட்டீங்க."

"பேஜாரு பண்ணாத. ஊட்டுக்குப் போய்த் தூங்கு. லீவு லெட்டர் குடு."

காலையிலேயே எழுதிப் பையில் வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினேன். "படிச்சுட்டுப் போடுங்க சார்."

"அரை நாள் லீவுல படிக்கறதுக்கு இன்னா கீது?" போனைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தித் தள்ளினார்.

இந்தப் பள்ளியில் நூலகப் புத்தகங்களைப் பிள்ளைகள் ஒரு நாளும் தொட்டதில்லை. தலைமையாசிரியர் சொல்லி, படிக்காமலே 'படித்தேன்' என்று எழுத அவர்களைப் பழக்கியவள் நான். ஸ்நேகா நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தாள். தாளில் இருந்தது இவ்வளவுதான். அதில் என் கையெழுத்துக்குக் கீழே இப்போது அவருடையதும் இருந்தது.

திங்கட்கிழமை எனக்கு இங்கே வேலை இருக்காது. கங்கம்மாவும் ஸ்நேகாவும் கேட்டுக்கு வெளியே காத்திருந்தார்கள். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். வகுப்பிலிருந்து பிள்ளைகள் கத்தினார்கள்.

"மிஸ், போர்டுல எழுதாமப் போறீங்களே! இன்னிக்கு நாங்க இன்னா புக்கு படிச்சோம்?"

நான் நிற்கவில்லை.