ஆணியில் தொங்கிய சாவி

ஆராதனை முடிந்து வந்த கையோடு என் வீட்டுக்காரர் லிஃப்டை நிறுத்திவிட்டார். வேறு நாளாக இருந்தால் எனக்கென்ன போச்சு என்று இருந்திருப்பேன். இன்றைக்கென்று பார்த்தா நிறுத்துவது? அம்மாவை அடக்கம் பண்ணிய அன்று வாய்த்தகராறாகி, அதற்குப் பிறகு என் முகத்திலேயே விழிக்காத அக்கா, மத்தியானம் சாப்பிட வருகிறேன் என்று அவளாகவே போன் பண்ணியிருந்தாள். எங்கள் வீடு மேல்மாடி. அக்காவுக்கு முழங்கால் இரண்டும் போய், கையில் தடி. லிஃப்ட் இருக்கிறது, கவலைப்படாதே என்று நான் வேறு வாய் நிறையச் சொல்லிவைத்திருந்தேன்.

இவர் பிழைப்பே லிஃப்ட் பழுது பார்ப்பதுதான். எங்கள் கட்டடத்து லிஃப்டும் இவர் பொறுப்பு. நாங்கள் ஏறி வந்தபோது பெட்டி தளத்துக்குச் சமமாக நிற்காமல் ஒரு விரல் அளவு கீழே இறங்கி நின்றது. நான் தாண்டிப் போய்விட்டேன். இவரோ ஆலயத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு அப்படியே மண்டியிட்டுப் பார்த்தார். பிறகு மொட்டைமாடிக்குப் போய், மோட்டார் அறையில் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

"பிரேக் தேஞ்சிருக்கு. நாளைக்குத்தான் கடை திறப்பான், மாத்திடலாம்."

"ஒரே ஒரு தடவைங்க. அக்கா ஏறி வந்ததும் நிறுத்திடுங்க."

"உங்க அக்காங்கறதுக்காக பிரேக் பிடிக்குமா?"

எனக்கு வந்ததே கோபம். "இந்த ஒரு நாளுக்காக எவ்வளவு ஜெபம் பண்ணியிருப்பேன்? கர்த்தர் குடுத்தாலும் நீங்க விடமாட்டீங்க!"

அவர் சாவியை வழக்கம்போலச் சமையலறை வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

இந்த மனுஷனிடம் எனக்குப் பிடிபடாதது இதுதான். ஜெபிக்கச் சொன்னால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. பாட்டென்றால் நான், சாட்சியென்றால் நான். கண்ணீர் விட்டு, மனசு நிறைந்து வீடு திரும்புவேன். செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தனையும் வடிந்துவிடும். இவர் முகத்திலோ அது திங்கட்கிழமையும் இருக்கும். பார்க்கப் பார்க்கப் பொறாமையாகக்கூட இருக்கும்.

அக்காவை வாசலில் நின்று கூட்டி வருகிறேன் என்று அவர் கீழே போனார். நான் சாவியை எடுத்தேன். எந்தச் சுவிட்ச் என்று எனக்குத் தெரியாதா என்ன? மோட்டார் அறைப் பூட்டில் நுழைத்தும்விட்டேன். அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு சண்டை போட்டும், சாவியை ஒளித்து வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லையே! அந்தப் பெட்டிக்குள் அக்கா தடியை ஊன்றிக்கொண்டு, என்னை நம்பி நிற்பது கண்ணில் தெரிந்தது. அவள் ரோஷக்காரி, வாசலோடு திரும்பினாலும் திரும்பிவிடுவாள். போனால் போகட்டும் என்று சொல்ல மனசு வரவில்லை. சாவியைத் திருப்பவும் கை வரவில்லை. "ஆண்டவரே" என்றேன். அதற்கு மேல் எனக்கும் வார்த்தை வரவில்லை.

சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன்.

கீழே அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். "நானா வரேன்னு சொன்னேன் பாரு, எனக்கு இது வேணும். நிஜமாவே லிஃப்ட் ஓடாதா, இல்ல நான் வரக்கூடாதுன்னா?"

"ஓடும்க்கா. ஓட விட்டுடலாம்னு மோட்டார் ரூம் வரைக்கும் போனேன். உன்னை அதுல ஏத்த பயமா இருந்துச்சு."

கையை விரித்தேன். அழுத்திப் பிடித்ததில் உள்ளங்கை சிவந்திருந்தது. அவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்காலியை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினார்.

அக்காவைக் கொண்டுவந்துவிட்ட கார் இன்னும் வாசலில்தான் நின்றது. அதை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு தடியை என்னிடம் நீட்டினாள்.

"இதைப் பிடி. தோளைக் குடு."

அவள் பாரம் மொத்தமும் என் மேல் இறங்கியது. ஒவ்வொரு படிக்கும் எனக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் காலையில் அத்தனை பாட்டுப் பாடியும் கிடைக்காத ஒன்று நெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தது. வடிந்துவிடுமோ என்று பார்த்தேன், வடியவில்லை.

"சாப்பாடு ஆறிடப்போகுதுடி."

"ஆறட்டும்க்கா."

மேலே, முதல் திருப்பத்தில், அவர் நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு, உட்காரும் பலகையைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.