ரத்தம் வந்த இடம்

பேருந்து நிலையத்தில் எல்லோரும் அவளை மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எந்த மேடை, எது தாமதம் என்று கண்ணாடி அறைக்குள்ளிருந்து அவள் சொன்னால்தான் கூட்டம் நகரும். அப்படிப்பட்டவளின் மேல்வரிசை முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. மேலாளர் சிரித்துக்கொண்டே, "பேச்சு சரியா வரலைன்னா சொல்லிடுங்கக்கா, பதிவு பண்ணின குரலைப் போட்டுக்கலாம்" என்றார். வேலை முடிந்ததுமே அவள் பல் மருத்துவமனைக்குக் கிளம்பினாள்.

அங்கே நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தாள். டாக்டர் விளக்கை இழுத்துப் பார்த்தார், உச்சுக்கொட்டினார். பிடிப்பே போய்விட்டது, இதை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். அதோடு விட்டிருக்கலாம். "பல்லே தேய்க்க மாட்டீங்களாம்மா?" என்று கேட்டுவைத்தார்.

அவளுக்குச் சுருக்கென்றது. காலையிலும் ராத்திரியிலும் நுரை தள்ளத் தள்ளத் தேய்க்கிறவள் அவள். ஒரே ஒரு இடம்தான் விலக்கு. இந்த முன்பல்லின் ஈறில் பிரஷ் பட்டால் ரத்தம் வரும். எலக்ட்ரீஷியனான அவள் கணவர் வாஷ்பேசினில் சிவப்பைப் பார்த்துவிட்டு, புண்ணை நோண்டினால் ஆறுமா, அதை அப்படியே விடு என்றிருந்தார். நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து அந்த இடத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாள். பிரஷ் படாமல் வெறும் தண்ணீரில் கொப்பளிப்பதோடு சரி.

அவள் இதைச் சொன்னதும் டாக்டர் சிரித்தேவிட்டார். பல் ஓரத்தில் அழுக்கு படிந்ததால்தான் ரத்தமே வந்தது, தேய்க்காமல் விட விட அது உள்ளே இறங்கி எலும்பை அரித்துவிட்டது, மிருதுவான பிரஷால் அங்கேயே மெதுவாகத் தேய்த்து, இங்கே வந்து ஒருமுறை சுத்தமும் செய்திருந்தால் பல் தப்பித்திருக்கும் என்றார்.

மைக்கக்காவுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. இதே நாற்காலியில் இரண்டு கடைவாய்ப்பற்களைப் பறிகொடுத்தவள் அவள். அப்போதும் இதே வாயைத்தான் இந்த மனிதர் பார்த்தார். பிடுங்கினார், பஞ்சை வைத்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஈறில் ரத்தம் வருகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முத்தா உதிர்ந்திருக்கும்?

"இதை ஏன் டாக்டர் அப்பவே சொல்லலை?"

"நீங்க கேக்கலையேம்மா."

"தெரியாததை எப்படிக் கேப்பாங்க? கேட்டாத்தான் வண்டி எப்பன்னு சொல்வேன்னு நான் மைக்கை மூடிட்டு உக்காந்திருந்தா, ஒருத்தராச்சும் வீடு போய்ச் சேருவாங்களா?"

 டாக்டர் மரத்துப்போகும் ஊசியை எடுத்தார்.

வெளியே அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கணவர் உட்கார்ந்திருந்தார். பஞ்சைக் கடித்தபடியே அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் முகம் சுருங்கிப்போனது.

"எனக்கும் கீழ்வரிசையில ரத்தம் வருது. நானும் அந்த இடத்தை விட்டுட்டுத்தான் தேய்க்கிறேன்" என்றார்.

திட்டுவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். பாவம், அவருக்கு மட்டும் யார் சொன்னார்கள்? "உள்ளே போய் வாயைக் காட்டுங்க. அவரா சொல்லலைன்னா விடாம கேளுங்க" என்று கதவுப் பக்கம் தள்ளிவிட்டாள்.

மறுநாள் கண்ணாடி அறையில் மேலாளர் பதிவுக்குரலோடு தயாராக நின்றார்.  அவள் அவரைத் தாண்டிப் போய் மைக்கைப் போட்டாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றதுமே பல் போன சந்தில் காற்று சீறியது. கீழே சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள், இரண்டு பேர் சிரித்தார்கள். வண்டியையும் மேடையையும் சொல்லி முடித்தாள். மைக்கை அணைக்கவில்லை.

"இன்னொரு அறிவிப்பு. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். மிருதுவான பிரஷால் அங்கேயே மெதுவாகத் தேயுங்கள். பல் மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் சொல்லாவிட்டால் கேளுங்கள். விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்."

மேலாளர் பாய்ந்து வந்தார். எந்த அறிவிப்பையும் இரண்டு முறை சொல்வதுதான் அந்த நிலையத்தின் வழக்கம். சுவிட்சைக் கையால் மறைத்துக்கொண்டு அவள் முதலிலிருந்து தொடங்கினாள்.