முப்பதாம் தேதி வரை

ஜூன் பத்தொன்பதாம் தேதி விடியற்காலையில் மோட்டாரில் ஷாக் அடித்துச் செத்துப்போன மணிவண்ணன், ஜூன் முப்பதாம் தேதி வரைக்கும் தினம் தவறாமல் மோட்டாரைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

சகாயசெல்வி அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மரக்காணம் உப்பளக் கம்பெனி ஆபீசில் எட்டு வருஷமாக அவள்தான் கிளார்க், அவள்தான் டைப்பிஸ்ட், இங்கிலீஷில் ஒரு கடுதாசி போக வேண்டுமென்றாலும் அவள்தான். முப்பது வரிசையிலும் 'மணி', 'மணி' என்று ஒரே நீல மையில், ஒரே சாய்வில், கடைசி எழுத்தின் வால் மட்டும் அங்கங்கே நீண்டு கிடந்தது.

உப்புத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டகைக்கும் ஆபீசுக்கும் பாத்தி வரப்பில் நடந்தால் ஒரு கிலோமீட்டர் இருக்கும். ஒரு கையெழுத்துக்காகத் தினம் போக வர இரண்டு கிலோமீட்டர் எவன் நடப்பான்? அதனால் ஒண்ணாம் தேதி காலையில் முப்பதையும் மொத்தமாகப் போட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. "இன்னா செல்வி, எம்ஜியாரு கூட இவ்ளோ ஆட்டோகிராப் போட்டிருக்க மாட்டாரு" என்று மணிவண்ணன் விரல்களை நெட்டி முறிப்பான். பக்கத்தின் அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் அவளும் அதே ஒண்ணாம் தேதியே கையெழுத்துப் போட்டு மூடி வைத்துவிடுவாள். வேலையை முன்கூட்டி முடித்து வைப்பது அவள் சுபாவம்.

கையெழுத்துகள் கூடப் பரவாயில்லை. அவள் கண் திரும்பத் திரும்பப் போய் நின்றது பக்கத்தின் தலைப்பில். அந்த இங்கிலீஷ் வாக்கியம் அவள் எழுதியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் ஒரு கோடு போட்ட நோட்டில் 'மோட்டார் பார்த்தேன்' என்று தமிழில் இருந்தது. உப்பு வாங்கும் பார்ட்டி ஒன்று, பாதுகாப்பு ரிஜிஸ்டர் எல்லாம் இங்கிலீஷில் வேண்டும் என்று கேட்டது. மேனேஜர் அசோகன் அந்தப் பொறுப்பை அவளிடம் தள்ளினார். ஸ்கூலில் பேச்சுப் போட்டிக்குக் கொடுத்த டிக்ஷனரியை எடுத்து வந்து ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தாள். 'ஸீன்' என்று போட்டால் வெறுமனே பார்த்தது, பஸ்ஸில் போகிறவன்கூடப் பார்க்கலாம். 'செக்டு' டீக்கடை நோட்டு மாதிரி இருந்தது. 'பெரூஸ்டு' அவளுக்கு நன்றாகப் பழகிய வார்த்தை. தாலுகா ஆபீசுக்கு எழுதும் ஒவ்வொரு மனுவிலும் தயவுசெய்து பெரூஸ் பண்ணவும் என்று முடிப்பாள். ஆனால் அது காகிதத்துக்கு ஆகும், மோட்டாருக்கு ஆகாது. 'ஸ்க்ரூட்டினி' எலெக்ஷனில் வேட்புமனுவுக்குச் செய்வது. 'இன்ஸ்பெக்ட்' என்றால் மேலேயிருந்து ஜீப்பில் ஒருத்தர் வந்து இறங்க வேண்டும். கடைசியில் 'எக்ஸாமின்' பிடித்துப்போனது. டாக்டர் நாடி பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லி, இமையைக் கீழே இழுத்துப் பார்க்கிற வார்த்தை. அதற்கு முன்னால் 'கேர்ஃபுல்லி' என்று ஒன்றைத் தானாகவே சேர்த்தாள். அதை யாரும் கேட்கவில்லை. மோட்டார், ஒயர், எர்த் மூன்றையும் நான் கவனமாகப் பரிசோதித்தேன், ஆபத்தில்லாமல் இருக்கின்றன என்று கண்டேன்.

"வக்கீல் எழுதின மாதிரி இருக்குதே" என்றார் அசோகன். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்கு அந்தச் சந்தோஷம் இருந்தது.

மணிவண்ணன் ஒரே ஒரு தரம் கேட்டான். "இன்னா எழுதிருக்குது மேல?"

"மோட்டாரப் பாத்தேன்னு எழுதிருக்குதுண்ணே."

"பாக்காம எங்க போவப்போறேன்? அது பக்கத்துலதான நாள் பூரா குந்திக்கினு இருக்கேன்" என்று சிரித்துவிட்டுப் பேனாவை வாங்கினான்.

இப்போது அசோகன் புது ரிஜிஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்து அவள் மேஜைமேல் வைத்தார். நான்கு நாளாக அவர் சரியாகச் சவரம் செய்யவில்லை.

"ஜூன் மாசம் மட்டும் இதுல காப்பி பண்ணிடு. பதினெட்டோட நிறுத்திக்க. மூணு மணிக்கு லேபர் ஆபீஸ்லேர்ந்து விசாரணைக்கு ஒரு மேடம் வர்றாங்க."

"கையெழுத்து, சார்?"

"ரெண்டு எழுத்துதான. நீயே போடு."

அவள் பேனாவைத் தொடவில்லை. அசோகன் நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார்.

"செல்வி, நல்லா யோசி. பதினெட்டு வரைக்கும் இருந்தா, அவனே பரிசோதிச்சி அவனே சரின்னு எழுதிக் குடுத்திருக்கான். தப்பு அவன் மேல போயிடும், ஃபைல் மூடிடுவாங்க. முப்பது வரைக்கும் இருந்தா, மொத்த ரிஜிஸ்டரும் பொய்யின்னு ஆயிடும். அப்ப யாரு எழுதுனதுன்னு கேப்பாங்க. மேல இருக்குறது உன் இங்கிலீஷு, கீழ இருக்குறது உன் கையெழுத்து. என் கையெழுத்து எங்கியாவது இருக்குதா பாரு."

பார்த்தாள். எங்கேயும் இல்லை.

"பதினோராந் தேதி மணியண்ணன் வந்து சொன்னாரே சார். ஒயரு தோலு உரிஞ்சி தண்ணியில கெடக்குதுன்னு. இங்கதான் நின்னுக்கினு சொன்னாரு. லோடு போனப்புறம் மாத்திக்கலாம்னு நீங்க சொன்னீங்க."

"சொன்னேன். இல்லன்னு சொல்லல." அவர் குரல் இறங்கியது. "அவன் போயிட்டான். நீயும் நானும் இருக்குறோம். எனக்கும் வூட்ல ரெண்டு பொண்ணுங்க இருக்குது."

எழுந்து வெளியே போனார். அவர் ஜீப் வரப்போரமாக நின்ற இடத்திலேயே நின்றது. உள்ளே உட்கார்ந்து அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு மேல் அமுதவல்லி வந்தாள். மணிவண்ணன் பெண்சாதி. இதே உப்பளத்தில் உப்பு சுமக்கிறவள். காலில் உப்புத் தண்ணீர் தின்ற வெடிப்புகள் நாலு நாள் ஓய்விலும் மூடவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாக்கா."

"வேணாம். ஸ்டேசன்ல சொன்னாங்க, உன் புருசனே எல்லாம் நல்லா இருக்குதுன்னு கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கான்னு. ஊர்ல என்னடான்னா குடிச்சிட்டு போயி கைய வெச்சிட்டான்றாங்க. அவரு குடிய வுட்டு ஆறு வருசமாவுது. அந்தப் பேப்பர்ல இன்னா இருக்குதுன்னு எனக்குப் படிச்சி சொல்லு."

செல்வி ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். 'பார்த்தேன்' என்று சொல்லிவிடலாம். மணிவண்ணனுக்கு அப்படித்தான் சொன்னாள். அமுதவல்லிக்கு அது ஆறுதலாகக்கூட இருக்கும்.

"மோட்டாரு, ஒயரு, எர்த்து மூணையும் கவனமா பரிசோதிச்சேன், ஆபத்து இல்லன்னு கண்டேன். அப்படின்னு எழுதிருக்குதுக்கா."

அமுதவல்லி கையெழுத்துகளை விரலால் தொட்டுக்கொண்டே இறங்கினாள். பத்தொன்பதில் விரல் நின்றது. எண் படிக்கத் தெரிந்தவள்தான். பிறகு இருபது, இருபத்தொன்று என்று கடைசி வரைக்கும் போனது.

"இது இன்னா?"

செல்வி ஒண்ணாம் தேதி வழக்கத்தைச் சொன்னாள்.

"இதெல்லாம் அவரு சொன்ன வார்த்தையா?"

"இல்லக்கா. நான் எழுதுனது."

"அவருக்குப் படிச்சி சொன்னியா?"

"பாத்தேன்னு மட்டும் சொன்னேன்."

அமுதவல்லி ரிஜிஸ்டரிலிருந்து விரலை எடுத்தாள். "பாத்தாருதான். பாத்துட்டுத்தான் ராத்திரி சோறு துண்றப்ப எங்கிட்ட சொன்னாரு, ஒயரு சரியில்ல, ஆபீஸ்ல சொல்லிட்டேன்னு. பரிசோதிக்க அவரு இன்னா இன்ஜினீரா? பாத்துட்டு சொல்லத்தான் தெரியும் அவருக்கு. சொன்னாரு. அத எவன் எழுதுனீங்க?"

செல்வி ரிஜிஸ்டரை மூடினாள். அமுதவல்லி வேப்பமரத்து நிழலில் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்று மணி வரைக்கும் நகரவில்லை.

விசாரணைக்கு வந்த அம்மாள் அதிகம் பேசாதவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரிஜிஸ்டரைக் கேட்டார். அசோகன் செல்வியைப் பார்த்தார். புது ரிஜிஸ்டர் இன்னும் வெறுமனே மேஜையில் கிடந்தது. அதை அவர் கண்டுகொண்டார், ஆனால் அந்த அம்மாள் எதிரில் எதுவும் சொல்ல முடியவில்லை.

செல்வி பழையதை எடுத்து நீட்டினாள்.

அந்த அம்மாள் பக்கம் பக்கமாகத் திருப்பி ஜூனுக்கு வந்தார். தேதிகளைப் பேனா முனையால் எண்ணினார். "இறந்தது பத்தொன்பதுதானே?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்க மேடம்."

"ஸ்டேட்மென்ட் எழுதிக் கொடுங்க. உங்களுக்குத் தெரிஞ்சதை மட்டும்."

"இங்கிலீஷ்லங்களா?"

"எதுல இருந்தாலும் சரி."

செல்வி தமிழில் எழுதினாள். எண் போட்டு எழுதுவது அவள் பழக்கம். இன்றும் அப்படியே எழுதினாள். தலைப்பு வாக்கியத்தை எழுதியது நான். இறந்தவருக்கு அதைப் படித்துக் காட்டவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் மொத்தக் கையெழுத்தும் வாங்கப்பட்டது. அன்றே நானும் சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டேன். இரண்டு வருடத்தில் நான் ஒரு நாளும் மோட்டார் கொட்டகைக்குப் போனதில்லை. பதினோராம் தேதி ஒயர் பழுது என்று அவர் மேனேஜரிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். கேட்டும் எதிலும் எழுதவில்லை. கடைசி வரியில் ஒரு எழுத்தை அடித்துத் திருத்தினாள். அடித்தலுக்குப் பக்கத்தில் முறைப்படி சுருக்கொப்பம் போட்டாள்.

அந்த அம்மாள் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"இதுல உங்க பேர்லயும் கேஸ் வரலாம். தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"அவ பொய் சொல்றா மேடம்" என்றார் அசோகன். சொல்லும்போதே பாதியில் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. "அப்படி ஒண்ணும் அவன் எங்கிட்ட சொல்லல."

"அதை நீங்க எழுதிக் கொடுங்க" என்று அந்த அம்மாள் இன்னொரு தாளை அவர் பக்கம் தள்ளினார்.

ஐந்து மணிக்குச் செல்வி தன் டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நாளைக்கு வர வேண்டாம் என்று அசோகன் சொல்லவில்லை. ஆபீஸ் சாவிக்காகக் கையை நீட்டினார், அவள் கொடுத்துவிட்டாள். ஹைஸ்கூல் படிக்கிற பிள்ளையும் படுக்கையில் இருக்கிற மாமனாரும் வீட்டில் இருந்தார்கள். அவர்களிடம் சொல்ல வார்த்தை தேட வேண்டும்.

அமுதவல்லி மரத்தடியிலிருந்து எழுந்தாள்.

"முடிஞ்சிச்சா?"

"எழுதிக் குடுத்துட்டேன்க்கா. அவரு ஒயர் பத்தி சொன்னதையும் எழுதிட்டேன். அடுத்த மாசம் எட்டாந் தேதி விழுப்புரத்துல விசாரணை. நம்ம ரெண்டு பேரையும் வரச் சொல்லுவாங்க."

"தப்பு அவரு மேல இல்லன்னு ஆயிடுமா?"

"தெரியலக்கா. சார் இல்லன்னு எழுதுறாரு."

இருவரும் மெயின் ரோடு வரைக்கும் ஒரே பாதையில் நடந்தார்கள். மரக்காணம் பஸ் வந்தது. அமுதவல்லி முன்வாசலில் ஏறிப் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது. செல்வி போய் நின்றதும் அமுதவல்லி மடியிலிருந்த கூடையைத் தூக்கி அந்த இடத்தில் வைத்தாள்.

"எட்டாந் தேதி வர்றேன்" என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "அங்க பேசிக்கலாம்."

செல்வி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டான். ஒரு டிக்கெட் மட்டும் வாங்கினாள்.