கடலில் விழுந்த றிசீவர்

அன்று நாகலிங்கம் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள் நால்வர்: நெல்லியடியில் இருபது வருடமாக றேடியோ திருத்தும் நாகலிங்கம், அவர் தங்கை பத்மாசினி, அவளுடைய மகனும் கப்பலில் வேலை செய்பவனுமான இளையதம்பி, படகு மோட்டார் திருத்தும் செபநாயகம். வேறு ஒருவரும் இல்லை. இருந்ததாகச் சொல்பவர்கள் பிறகு கேள்விப்பட்டவர்கள்.

இளையதம்பி யப்பானிலிருந்து கொண்டுவந்த, றேடியோவால் ஓட்டும் சின்ன விமானம் காலையில் கடலில் விழுந்திருந்தது. அதை எடுத்துவந்தது செபநாயகத்தின் வள்ளம். அதுவே நாகலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. றேடியோ என்று வந்தால் மருமகன் முதலில் தன்னிடம் அல்லவா நீட்டவேண்டும்?

செபநாயகம் விமானத்தின் வயிற்றிலிருந்து, றேடியோ அலையை வாங்கும் றிசீவரைக் கழற்றி வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தினார்.

“தண்ணிக்கை விழுந்த சாமானைத் திரும்பத் தண்ணிக்கை போடுறியோ? மீனே கழுவுறாய்?” என்றார் நாகலிங்கம்.

“உப்புத்தான் அண்ணை அரிக்கிறது. காத்துப் பட்டா இன்னும் கெதியாய் அரிக்கும். நல்லதண்ணியிலை நாலுதரம் கழுவி, ஸ்பிரிற்றிலை தோய்ச்சுக் காயவிடவேணும். கடலுக்கை விழுந்த மோட்டாருக்கும் நாங்கள் உப்பிடித்தான்.”

இளையதம்பி தலையாட்டினான். நாகலிங்கம் அதைக் கண்டார். சின்ன வயதில் தன் கடை வாசலில் நின்று வாய்பிளந்து பார்த்தவன், இன்று வேறொருவன் சொல்லுக்குத் தலையாட்டுகிறான்.

சுக்கானையும் செட்டையையும் அசைக்கும் குட்டி மோட்டார்கள் இரண்டு இன்னும் கழுவாமல் கிடந்தன.

“உன்ரை வைத்தியத்தை நீ செய். இதை நான் பாக்கிறன்,” என்று ஒன்றைப் பறித்துத் துடைத்து வெயிலில் வைத்தார்.

மூன்றாம் நாள் எல்லாவற்றையும் பூட்டிப் பார்த்தார்கள். றிசீவர் வேலை செய்தது. செபநாயகம் கழுவிய மோட்டார் சுக்கானை இழுத்தது. நாகலிங்கத்தின் மோட்டார் அசையவில்லை. திறந்தால் உள்ளே பச்சைக் களிம்பு.

“வெயில் காணாதுபோலை, அண்ணை,” என்றாள் பத்மாசினி.

“அது விழேக்கையே பழுதாப் போச்சு.”

“மற்றதும் அதோடைதானே மாமா விழுந்தது,” என்றான் இளையதம்பி.

மறுநாள் நாகலிங்கம் கடைக்கு வந்தவர்களிடம், செபநாயகம் மாதாகோயில் தீர்த்தத்திலே கழுவினபடியாத்தான் அது வேலை செய்ததாம் என்று ஒரு சொல் விட்டார். அது கரவெட்டிவரை போயிற்று; இன்றும் சொல்கிறார்கள்.

அது பொய். அது நாகலிங்கம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்.