ராத்தாவின் மாப்பு

நிஸ்மியா முட்டைகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கழுவாத முட்டையில் எண்ணெய் பூசி, இரண்டு நாளைக்கொரு தடவை புரட்டி வைத்தால் மாதக்கணக்கில் கெடாதாம். கப்பல்கார வெள்ளைக்காரன் சொல்லியனுப்பியிருந்தான். ஆலங்குடாக் கரைக்கு எதிரே நங்கூரம் போட்டிருந்த அவனுடைய பாய்க்கப்பலை அவளும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கப்பலாம் கப்பல்! நாலு பேர் காலை நீட்டிப் படுக்க முடியாது. அதில்தான் வேலைக்குச் சேர்ந்து அவளுடைய தம்பி நௌஃபர் மாலைதீவைத் தாண்டி ஆபிரிக்கா வரைக்கும் போகப் போகிறான். நாற்பது நாளோ ஐம்பது நாளோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். உம்மா மௌத்தான பிறகு அவனுக்குச் சோறூட்டி வளர்த்தவள் நிஸ்மியாதான். அதனால் உப்புக்கண்டம், மாசிச் சம்பல், மணலில் புதைத்த தேசிக்காய், ஒரு சாக்குச் சின்ன வெங்காயம் எல்லாம் அவள் வீட்டு முன்னறையில்தான் சேர்ந்துகொண்டிருந்தன.

தூரப் பயணம் போகிறவர்கள் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பது ஊர் வழக்கம். ஹஜ்ஜுக்குப் போனாலும் சரி, கத்தாருக்குப் போனாலும் சரி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கெல்லாம் கையைப் பிடித்து மாப்புக் கேட்க வேண்டும். வீட்டுக்காரர்களும் மாப்புத் தந்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டாலும் பயணம் சரிவராது என்பார்கள்.

"எல்லாரும் மாப்புச் செஞ்சிட்டாங்க. நீங்க மட்டுந்தான் இன்னும் செல்லல்ல ராத்தா" என்றான் நௌஃபர். அவன் வந்து கேட்பது அது மூன்றாவது முறை.

"முட்டை வேல முடியட்டும். நாளைக்கி வா."

புருஷனைக் கடலில் விட்டுவிட்டு வந்தவனுக்கு அவள் எப்படி மாப்புக் கொடுப்பாள் என்று ஊர் கதைத்தது. மூன்று வருஷத்துக்கு முன் நௌஃபரின் படகு எஞ்சின் நின்று கவிழ்ந்ததில், கூடப் போன அவள் புருஷன் ஹுனைஸ் திரும்பவில்லை. மையித்துகூடக் கிடைக்கவில்லை. அவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் இத்தா இருந்தபோது நௌஃபர் வேலியோரம் மீனை வைத்துவிட்டுப் போவான், உள்ளே வரமாட்டான். மாப்பு என்று அவன் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை.

ஊருக்கு என்ன தெரியும்! அன்றைக்கு அவன் நனைந்த சாரத்தோடு நடுங்கிக்கொண்டு முற்றத்தில் நின்றதைப் பார்த்ததுமே, ஒருத்தனையாவது திருப்பித் தந்தாயே ரப்பே என்று அழுதவள் அவள். இப்போது வாயைத் திறந்து மாப்பு என்று சொல்லிவிட்டால் இவனும் போய்விடுவான். அந்தப் பயம்தான், வேறொன்றுமில்லை. கப்பலை மேற்கே தள்ளும் வாடைக்காற்று அடங்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அது அடங்கிவிட்டால் இந்த வருஷம் பயணமில்லை. அதுவரைக்கும் நாளை நாளை என்று இழுத்துவிட்டால் போதும். புரட்டிய முட்டைகளையே மறுபடி புரட்டி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு அவன் சாமான் ஏற்ற முச்சக்கரவண்டியோடு வந்தான். மாப்புக் கேட்கவில்லை. கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தான்.

"நாளைக்கி சுபஹோட வெளிக்கிடுறம்."

"என்ட மாப்பு இல்லாமயா?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மூணு வருசமா அது இல்லாமத்தானே ராத்தா இரிக்கிறன்." அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இனி ஒங்கட முகத்தப் பாத்துக்கிட்டு இந்த ஊர்ல இரிக்க ஏலா. நீங்க அண்டைக்கே அந்த ஒரு சொல்லச் செல்லியிருந்தா, நான் இந்தப் பயணத்துக்கே ஓம்பட்டிருக்க மாட்டன்."

நிஸ்மியாவுக்கு நில்லுடா என்றுகூட வரவில்லை. அவன் முட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அவள் வாசலுக்கு வருவதற்குள் வண்டி பள்ளிவாசல் முடக்கில் திரும்பிவிட்டது.

விடிய, தொழுத பாயை மடிக்காமலே கரைக்கு ஓடினாள். கப்பல் பாய் விரித்து நகரத் தொடங்கியிருந்தது. முன்னால் கயிறு இழுத்துக்கொண்டிருந்த நௌஃபரின் முதுகு தெரிந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கத்தினாள்.

"மாப்புடா தம்பி! அண்டைக்கே மாப்புச் செஞ்சிட்டன்டா!"

கரையிலிருந்து கடலுக்கு அடித்த வாடை அவள் முக்காட்டைப் பிடுங்கி முன்னால் தண்ணீரில் போட்டது. நௌஃபர் கையை உயர்த்தினான். அவளுக்காகவோ, கயிற்றை எட்டிப் பிடிக்கவோ, தெரியவில்லை. அவள் திரும்பவும் கத்தினாள். முக்காடு நனைந்து, கப்பல் போன பக்கமாக மெல்ல மிதந்து போய்க்கொண்டிருந்தது.