கை மரத்துப்போன கதை

1

இந்தக் கதை ஒரு புகாரில் பிறந்தது. தெரு மரத்தின் கிளையொன்று என் மூன்றாம் மாடி பால்கனியை உரசி உரசி என்னை எழுதவிடாமல் செய்தது. வெட்டச் சொல்லிப் புகார் கொடுத்தவன் நான்தான். அப்போது நான் எழுதிக்கொண்டிருந்தது மரங்களின் மௌனம் பற்றிய கட்டுரை. சிரிக்க விரும்புகிறவர்கள் இங்கேயே சிரித்துவிடலாம்.

2

முதல் வரியாக எழுதியது இது: “காலைச் சூரியன் இலைகளின் ஊடே பொன்னைத் தூவ, அந்த உழைப்பாளி…” அடித்துவிட்டேன். அன்று மேகமூட்டம்.

அடுத்தது: “அவருக்கும் மரத்துக்கும் இடையே ஏதோ ஒரு பந்தம்…” பந்தமாவது மண்ணாங்கட்டியாவது.

கிளை வெட்ட வந்தவரை, அவரோடு வேலை செய்கிறவர்கள் அணில் என்பார்கள். நாற்பதைத் தாண்டிய, கழுத்தைத் திருப்ப உடம்பையே திருப்புகிற அணில். இடுப்பில் பட்டை, பட்டையில் கயிறு, பக்கவாட்டில் தொங்கும் மோட்டார் ரம்பம். கீழே கயிற்றைப் பிடிக்க அவர் மனைவியின் அண்ணன். மூட்டு தேய்ந்து, ஏறுவதை விட்டுத் தரைக்கு வந்துவிட்ட மச்சான்.

3

உச்சிக் கிளைகள் இரண்டை வெட்டிய அணில், ரம்பத்தை நிறுத்திவிட்டு என் பால்கனிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். தியானம் என்று நினைத்தேன். சும்மா இருக்கிற யாரைப் பார்த்தாலும் சிந்திக்கிறார் என்று நினைப்பது எங்கள் தொழில் வியாதி. கீழ்வீட்டுக்காரர் வந்து விசாரித்தபோது, மேலே குருவிக்கூடு இருக்கிறதா என்று பார்க்கிறார் என மச்சான் கூசாமல் புளுகினார். அவர் போனதும் அண்ணாந்து கேட்டார், என்ன ஆச்சு என்று.

“கை மரத்துப் போச்சு மச்சான். கயித்தப் புடிச்சிருக்கேனா விட்டுட்டேனான்னே தெரியல.”

(மரம் வெட்டுகிறவரின் கை ‘மரத்து’ப் போவது நான் செய்த சிலேடை இல்லை. மொழி செய்தது. நான் செய்திருந்தால் வெட்கப்பட்டு அடித்திருப்பேன்.)

4

இந்தப் பகுதியில் வருவதெல்லாம் பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து அவரே சொன்னது. சோகத்தை நான் கூட்டவில்லை. கூட்டுகிற அளவுக்கு அவர் மிச்சம் வைக்கவில்லை.

ரம்பத்தின் அதிர்வில் விரல் நுனிகள் முதலில் வெளுத்தன. பிறகு சட்டைப் பொத்தான் மாட்ட வரவில்லை. தையல்காரர் ஓட்டையைச் சின்னதாக வைத்துவிட்டார் என்று மனைவியிடம் சொன்னார். எல்லாச் சட்டைக்குமா என்று அவர் கேட்கவில்லை. தினமும் காலையில் வந்து மாட்டிவிட்டார். வலியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், சார், மனசுதான் விட்டுப்போச்சு என்றார் அணில். முன்பெல்லாம் விடுமுறையில்கூட நல்ல மரத்தைக் கண்டால் நின்று பார்ப்பாராம். இப்போது மரமே இல்லாத தெருவாகத் தேடி, சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

அவர் வேலை பார்க்கும் நிறுவனம் சும்மா இருக்கவில்லை. களைத்தவர்களுக்குப் புத்துணர்ச்சி ஊட்ட ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்தது. அவர் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, ஒரு பெரிய மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், மனசு லேசாகும் என்றார். அணில் நினைத்தார். எந்தக் கிளையை முதலில் இறக்குவது என்று கணக்குப் போட்டதில் தோள்வலிதான் கூடியது.

5

மரத்திலிருந்து கயிற்றில் இறங்க விரல் வேண்டும். அது இல்லை. ஆனால் நான் புகார் கொடுத்த கிளை இன்னும் இருந்தது. அதிலிருந்து பால்கனிக்கு ஒரு எட்டுதான்.

கீழே மச்சான் கயிற்றை இறுக்கிப் பிடித்தார். அணில் நகர்ந்து நகர்ந்து வந்தார். நான் பாய்ந்து அவர் இடுப்புப் பட்டையைப் பற்றி உள்ளே இழுத்தேன். (முதல் பிரதியில் அப்படித்தான் இருந்தது. படித்துப் பார்த்த என் மனைவி, இழுத்தது தான்தான் என்றும், நான் பூந்தொட்டியை நகர்த்திக்கொண்டிருந்தேன் என்றும் திருத்தினாள். பூந்தொட்டியும் முக்கியம்தான்.)

மச்சான் மூட்டு வலியோடு மூன்று மாடி ஏறி வந்தார். அணில் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே தம்ளரை இடுக்கித் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மரம் வெச்சவன் தண்ணி ஊத்துவான்னு சொல்வாங்க. வெட்டறவனுக்கு யாரு ஊத்துவா?” என்றார்.

என் மனைவி இன்னொரு தம்ளர் ஊற்றினாள்.

சூப்பர்வைசரிடம் தலைசுற்றல் என்று மட்டும் சொல்லும்படி மச்சான் புத்தி சொன்னார். கையைப் பற்றிச் சொன்னால் அணிலைத் தரைக்கு இறக்குவார்கள். தரையில் ஒரு ஆளுக்குத்தான் வேலை. அந்த ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் நான்கு பேரில் அது தெரியாதவர் யாருமில்லை.

தம்ளர் நழுவித் தரையில் உருண்டது. அணில் அதை எடுக்கக் குனிந்தார். விரல்கள் அதன்மேல் வழுக்கி வழுக்கி வந்தன. மச்சான் அதைப் பார்த்தார்.

“சொல்லிடு மாப்ளே. தங்கச்சி உனக்குப் பொத்தான் மாட்டி விடறது எனக்குத் தெரியும்.”

“அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?”

மச்சான் தம்ளரை எடுத்து மேசையில் வைத்தார்.

6

முடிவுகள் கைவசம் உள்ளன. அணில் மரத்திலிருந்து விழுந்தால் பரிசு கிடைக்கும். வேலையை விட்டு நாற்றுப் பண்ணை வைத்து, ஒரு கன்றைத் தடவிப் புன்னகைத்தால் வாரப் பத்திரிகை கேட்டு வாங்கும். மச்சான் தியாகம் செய்தால் வாசகர் கடிதங்கள் வரும்.

நடந்தது வேறு. அணிலின் போன் அடித்தது. சூப்பர்வைசர். அணிலின் விரல் திரையில் தேய்ந்ததே தவிர அழைப்பு எடுபடவில்லை. நான் எடுத்து அவர் காதில் வைத்தேன்.

“என்னப்பா, முடிஞ்சுதா? ஏன் இவ்ளோ நேரம்?”

அணில் மச்சானைப் பார்த்தார். மச்சான் ஜன்னலைப் பார்த்தார். அணில் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சார், அது வந்து…”

இந்த இடத்தில்தான் நான் வாரக்கணக்கில் போனைப் பிடித்தபடி நிற்கிறேன். எந்த வாக்கியம் எழுதினாலும் இரண்டு குடும்பத்தில் ஒன்றின் அடுப்பு அணைகிறது. மரங்களின் மௌனம் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியவனுக்கு இந்த ஒரு வரி வரவில்லை.

உங்களுக்கு இரண்டு கையும் சுகம்தானே? கொஞ்சம் வந்து பிடியுங்கள். லைனில் ஆள் காத்திருக்கிறார்.